அடுத்த வரி

நான் செத்துப்போன செய்தி எனக்கே ரசம் கொதித்துக்கொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது. கூடத்தில் டிவியில் எங்கள் மலையாளத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அந்தப் பெரிய வீட்டுச் சமையற்கார மாமியாக நாலைந்து வருஷமாக நடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளாகப் படப்பிடிப்புக்குக் கூப்பிடவில்லையே என்று யோசித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால், சுவரில் என் படம். அதற்குச் சந்தன மாலை. கீழே சிவப்பாக ஒரு குட்டி பல்பு. கரண்டி கையோடு அப்படியே நின்றுவிட்டேன். கதாநாயகி அந்தப் படத்தின் முன்னால் நின்று ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாள். மறு நிமிஷம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாமியாரோடு சண்டைக்குப் போய்விட்டாள்.

"போட்டோ நன்னா வந்திருக்கே," என்றார் என் கணவர் சேஷன், அப்பளத்தை நொறுக்கியபடி. "எப்போ எடுத்தது? நம்ம பையன் கல்யாணத்திலயா?"

"என்னைக் கொன்னுட்டா. உங்களுக்குப் போட்டோ கேக்கறதா?"

"நீ எப்படிச் செத்தியாம்? சொன்னாளோ?"

சொல்லவில்லை. அதற்குக்கூட ஒரு வரி செலவழிக்கவில்லை. எங்கள் தொழிலில் ஆளை வேலையிலிருந்து நீக்குவதற்குக் கடிதமோ போனோ கிடையாது, மாலைதான். முக்கியமான ஆட்களை லாரி ஏற்றிக் கொல்வார்கள், இல்லாவிட்டால் துபாய்க்கு அனுப்புவார்கள். மாமி வேஷக்காரிக்கு அத்தனை செலவு எதற்கு? திருவனந்தபுரத்தில் எங்கள் கரமனைத் தெருவில் மறுநாள் காலையில் பால் வாங்கப் போனபோது எதிர்வீட்டு மாமி என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். அந்த மாலையை மாட்டச் சொன்னது யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஹரீந்திரன். எங்கள் தொடரின் கதாநாயகன். இருபது வருஷமாக அவருக்கு வயது நாற்பது. ஒரு வசனத்தையும் படித்துக்கொண்டு வராமலேயே இத்தனை காலம் ஓட்டிவிட்டார். இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. சீரியலில் கேமராவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்றுகொண்டு வசனத்தை ஒவ்வொரு வரியாக உரக்கச் சொல்வார், நடிகர்கள் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்வார்கள், குரல் பிற்பாடு டப்பிங்கில் சேரும். இதற்கு ப்ராம்ப்ட் என்று பெயர். எல்லோரும் அதைப் பாதிக்குப் பாதி நம்புவார்கள் என்றால் ஹரீந்திரன் முழுக்க நம்புவார். மேடை நிகழ்ச்சி என்றால் காதுக்குள் பட்டாணி மாதிரி ஒரு கருவியை வைத்துக்கொள்வார். சொல் காதில் விழுந்த அடுத்த கணம் வாய்க்கு வந்துவிடும். நடுவில் மூளை என்கிற ஸ்டாப்பில் பஸ் நிற்காது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த ஆளுக்கு நடிப்பு வரும். நாம் அழுத குரலில் சொன்னால் அவர் அழுவார், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் அவர் கழுத்து நரம்பு புடைக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், வேஷம் கிடைப்பதற்கு முன்னால் பல வருஷம் அவருக்கு ப்ராம்ப்ட் சொன்னவளே நான்தான். வானொலி நாடகத்தில் பழகிய குரல் என்னுடையது. "சாவித்ரி சேச்சியுடெ ஒச்ச கேட்டாலே எனிக்கு கண்ணீர் வரூ," என்பார். சேச்சி என்றால் அக்கா. அக்காவின் குரல் கேட்டால்தான் கண்ணீர் வருமாம்.

சீரியல் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனக்காட்டுக்குப் போவேன். தம்பானூரில் பஸ் பிடித்து விதுரா வழியாக மலையேறினால் தேயிலைத் தோட்டம். அங்கே இருப்பவர்களின் தாத்தா பாட்டிமார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வீட்டில் தமிழ், ரேஷன் கடையிலும் ஆபீஸிலும் மலையாளம். பெரியவர்களுக்கு இரண்டு பாஷையும் பேச வரும், இரண்டிலும் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மலையாள எழுத்து வந்துவிட்டது, தமிழ் எழுத்து வராது. எனவே பெரியவர்களுக்கு மலையாள எழுத்தும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நகரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் இதை நடத்தியது. நான் புத்தகத்தை அதிகம் திறப்பதில்லை, நாடகம்தான். ஒருத்தி வில்லேஜ் ஆபீஸராக நாற்காலியில் உட்காருவாள், மற்றவர்கள் மனு எழுதிக்கொண்டு போய் நீட்ட வேண்டும். வடிவம்மாள் ஆபீஸராக உட்கார்ந்தால் நிஜ ஆபீஸரே எழுந்து நின்றுவிடுவார். எழுத்துப் பிழையோடு மனு கொண்டுபோனால் கிழித்து முகத்தில் எறிவாள், அதிலும் சொந்தப் புருஷன் பிச்சையா கொண்டுபோனால் இரண்டாகக் கிழிப்பாள். பிச்சையா குனிந்து பொறுக்கிக்கொண்டு திரும்பவும் எழுத உட்காருவார். தேயிலைக் காட்டில் காலமெல்லாம் நின்ற மனிதர், அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

அந்தத் தோட்டத்திலேயே எங்கள் சீரியலுக்கு ஒரு அவுட்டோர் படப்பிடிப்பு வைத்தார்கள். கதைப்படி ஹரீந்திரன் தோட்ட முதலாளி. எதிர்த்துப் பேசிய தொழிலாளியைக் கன்னத்தில் அறைய வேண்டும். உதவி இயக்குநர் கூட்டத்தில் தேடி, முகத்தில் அத்தனை சுருக்கம் இருக்கிறதே என்று பிச்சையாவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். அறை என்றால் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. கை கன்னத்தைத் தொடாமல் போகும், வாங்குகிறவர் அந்த நேரம் பார்த்துத் தலையைத் திருப்ப வேண்டும், சத்தம் பிறகு சேர்ப்பார்கள். பிச்சையாவுக்கு அந்த நேரம் பிடிபடவில்லை. முன்னாலேயே திருப்பினார், பின்னால் திருப்பினார், ஒருமுறை திருப்பவே மறந்துபோய் ஹரீந்திரன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹரீந்திரனுக்கு வெயில் தாங்காது. "ஒறிஜினல் ஆயிக்கோட்டே," என்றார். நிஜமாகவே அடித்துவிடுகிறேன் என்று அர்த்தம்.

அடித்தார். மூடுபனி வந்து மறைத்தது என்று இன்னொருமுறை. சட்டை காலர் மடிந்துவிட்டது என்று இன்னொருமுறை. பிறகு கேமராவை அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். ஒரே அடியை இரண்டு பக்கத்திலிருந்து காட்ட வேண்டுமாம், அதற்காக மற்றக் கன்னத்திலும். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் மேக்கப்காரி வந்து ஹரீந்திரனின் நெற்றியை ஒற்றிவிட்டாள். பிச்சையா கன்னத்தைத் தடவிக்கொண்டு, "வலிக்கு சார்," என்றார். "தமிழன்டெ கவிள் ரப்பறா," என்றார் ஹரீந்திரன், யூனிட் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. தமிழன் கன்னம் ரப்பராம். பிச்சையாவுக்குப் புரியாது என்று நினைத்தார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த மனிதருக்குப் புரியாமல் என்ன? புரிந்தது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவரும் சேர்ந்து சிரித்தார். என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது அந்தச் சிரிப்புதான். நான் மாமி வேஷத்தோடு, மடிசார் தடுக்க ஓடிப்போய் நடுவில் நின்றேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. "இனி ஒரு தரம் கை ஓங்கினா நான் உன்னை அறைவேன்" என்று தமிழில் சொன்னதாக வடிவம்மாள் பிறகு சொன்னாள். யூனிட் அமைதியாகிவிட்டது. ஹரீந்திரன் என்னைப் பார்த்து அழகாகப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகைதான் சந்தன மாலையாகச் சுவரில் ஏறியது.

பிச்சையாவுக்கு இடது காது போயிற்று. மெடிக்கல் காலேஜில் பார்த்த டாக்டர் சவ்வு கிழிந்துவிட்டது, இனி வராது என்றார். தயாரிப்பாளர் தரப்பிலிருந்து ஒரு பை ஆரஞ்சு வந்தது. அதோடு போகவில்லை. அந்தக் காட்சி டிவியில் வந்ததும் எவனோ அடிவாங்கும் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து வாட்ஸாப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான். திங்கட்கிழமை காலை என்றால் அந்த முகம், பெட்ரோல் விலை ஏறினால் அந்த முகம். என் சொந்தத் தங்கை பிள்ளையே எனக்கு அதை அனுப்பினான். நான் அவனோடு பேச்சை நிறுத்தினேன். எனக்கும் வேறு எந்த யூனிட்டிலிருந்தும் அழைப்பு வரவில்லை. யாரைக் கேட்டாலும், "சேச்சிக்குப் பற்றிய வேஷம் இப்போ இல்ல," என்றார்கள். சேச்சிக்கு ஏற்ற வேஷம் இந்த மலையாள நாட்டில் திடீரென்று ஒன்றுகூட இல்லாமல் போய்விட்டது. இரண்டு வருஷம் சமையலறையில் நின்றுகொண்டு அந்த ஆளுக்கு என்னென்ன நடக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மேடையில் வேட்டி அவிழ்ந்து விழ வேண்டும், குரல் போக வேண்டும், பேரன் பேத்திகள் முகத்தில் துப்ப வேண்டும். சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்ததற்கெல்லாம் ஹரீந்திரன்தான் காரணம்.

இப்படியிருக்க, போன மாதம் தொண்டு நிறுவனத்திலிருந்து அஸ்வதி போன் செய்தாள். வகுப்புகளைக் கவனித்துக்கொள்ளும் பெண், நல்ல பெண்தான், எதற்கெடுத்தாலும் உற்சாகம். "டீச்சர், ஒரு சர்ப்ரைஸ் உண்டு. நம்ம ப்ராஜெக்டுக்கு அம்பாசடர் கிடைச்சாச்சு. ஹரீந்திரன் சார்! போனக்காட்டுல வந்து சர்டிபிகேட் குடுப்பார். அவரோட பேஜ்ல லைவ்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"டீச்சர் கேக்குதா? சார் தமிழில் நாலு வார்த்தை பேசணும்னு ஆசைப்படறார். டீச்சர்தான் ப்ராம்ப்ட் பண்ணணும்னு சாரே சொன்னார்."

அரை மணி நேரத்தில் ஹரீந்திரனே கூப்பிட்டார். "சேச்சி மரிச்சதினு சேஷம் ஒந்நு விளிச்சதுபோலும் இல்லல்லோ!" என்று சொல்லிவிட்டுக் கடகடவென்று சிரித்தார். செத்துப்போன பிறகு ஒரு போன்கூட இல்லையே என்று என்னிடமே கேட்கிறார். போனக்காட்டைப் பற்றியோ பிச்சையாவைப் பற்றியோ மூச்சில்லை. மறைக்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது, நிஜமாகவே மறந்துவிட்டார். அதுதான் என்னைக் கொதிக்கவைத்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், அவர் சிரிப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. "வரேன் சார், கண்டிப்பா வரேன்," என்றேன். போனை வைத்தபோது எனக்கு இரண்டு வருஷத்தில் முதல்முறையாகப் பசித்தது.

அவர் காது இனி என் கையில். நான் என்ன சொன்னாலும் அந்த வாய் திருப்பிச் சொல்லும். அதுவும் லைவ். அன்று அவர் செய்ததை அவர் வாயாலேயே அந்த மக்கள் முன்னால் சொல்லவைத்துவிட வேண்டும். பாதியில் புரிந்து, முகம் வெளுத்து, காதிலிருந்து கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேடையிலிருந்து அந்த ஆள் ஓட வேண்டும். அந்த முகத்தை யாராவது வெட்டியெடுத்து ஸ்டிக்கர் ஆக்கட்டும். இதெல்லாம் பிச்சையாவுக்காக மட்டும் என்று சொன்னால் பொய். எனக்கு மாட்டிய மாலையை அவர் கழுத்தில் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

சேஷனிடம் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெறுதே வம்பை வெலைக்கு வாங்காதே கேட்டியா. அப்புறம் கிளாஸும் போயிடும். அந்த ஜனங்களோட படிப்பும் போயிடும்."

"போகட்டும்."

"அந்தப் பிச்சையா கேட்டாரா உன்கிட்ட?"

"அவர் எதையுமே கேக்கமாட்டார். அதனாலதான் அடிச்சான்."

ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலையேறியதும் முதல் வேலையாகப் பிச்சையாவிடம் போனேன். திட்டத்தைச் சொல்லவில்லை. ஹரீந்திரன் வருகிறார் என்று மட்டும் சொன்னேன். சர்டிபிகேட்டை அவர் கையால் வாங்க மனசில்லை என்றால் வேண்டாம், நானே பிறகு கொண்டுவந்து தருகிறேன் என்றேன். பிச்சையா வலது காதை என் பக்கம் சாய்த்துக் கேட்டார். "யாரு கையால வாங்குனா என்ன டீச்சரே. எழுதிப் படிச்சது நாம தானே," என்றார். பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த வடிவம்மாளுக்கு மூக்கு விடைத்தது. "இந்த மனுசனுக்கு ரோசம்னு ஒண்ணு இருந்தாத்தானே! டீச்சரே, அவன் இஞ்ச வரட்டு. அவன் செவிட்டுல ஒண்ணு குடுக்காம விட்டா நான் வடிவு இல்ல, பாத்துக்கிடுங்க." எனக்கு வடிவம்மாளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பிச்சையா மேல் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. இத்தனை சாதுவாக இருந்தால் உலகம் ரப்பர் என்றுதான் சொல்லும்.

அந்த நாள் வந்தது. மைதானத்தில் பந்தல் போட்டு, நாற்காலி வரிசை போட்டு, மேடைக்குப் பின்னால் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். பேனர் முழுக்க ஹரீந்திரன் முகம். வகுப்பு நடத்துகிறவர்கள் பெயர் கீழே மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி. நான் அந்தப் பேனருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கையில் சின்ன மைக், அதன் வழியாக நான் பேசுவது அவர் காதுக்கு மட்டும் போகும். துணி ஓரத்து இடைவெளியில் மேடையும் முதல் இரண்டு வரிசையும் தெரிந்தன. ஜரிகைக் கரை போட்ட கசவு வேட்டியில் வந்து இறங்கிய ஹரீந்திரன், பின்பக்கம் வந்து என் தோளைத் தட்டினார். "ரெடியல்லே சேச்சி? கொறச்சு கண்ணீர் வேணம் கேட்டோ. லைவ் ஆணு." கொஞ்சம் கண்ணீரும் வேண்டுமாம். "தரேன் சார்," என்றேன்.

அஸ்வதி எழுதிக்கொடுத்த பேச்சிலிருந்தே ஆரம்பித்தேன். "எல்லாருக்கும் வணக்கம். உங்களையெல்லாம் பார்த்ததுல ரொம்ப சந்தோஷம்." அவர் சொன்னார், கைதட்டினார்கள். "எழுத்து படிக்கிறதுக்கு வயசு கிடையாது." சொன்னார். இன்னும் இரண்டு வரி. அவர் குரல் என் குரலுக்குப் பழைய மாதிரியே பழகிவிட்டது, நான் மூச்சு விடும் இடத்தில் அவரும் விட்டார். குரலை மாற்றாமல், அதே அன்போடு அடுத்த வரியைச் சொன்னேன்.

"நான் இந்த ஊருக்கு வர்றது இது முதல் தடவை இல்ல."

சொன்னார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஷூட்டிங்குக்கு வந்தப்போ, இங்க இருக்கற ஒரு பெரியவரை நான் அடிச்சேன்."

சொன்னார். பந்தலில் சலசலப்பு நின்றது. யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள்.

"நடிப்புக்காக அடிக்கல. அவர் திருப்பி அடிக்கமாட்டார்னு தெரிஞ்சுதான் அடிச்சேன்."

பாதி வரியில் அவருக்குப் புரிந்துவிட்டது. திருவனந்தபுரத்துக்காரருக்குத் தமிழ் கேட்டால் புரியாமல் போகுமா, இத்தனை நேரம் அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். தலை திரும்பவில்லை, கண் மட்டும் பேனர் பக்கம் ஒருமுறை வந்துபோனது. நான் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டேன். இதோ பிடுங்கப் போகிறார், இதோ உளறப் போகிறார் என்று துணி இடைவெளியில் கண்ணை ஒட்டிவைத்தேன். அவர் முன்னால் நின்ற கேமராவைப் பார்த்தார். முதல் வரிசையில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு மீதி வரியைச் சொன்னார், நான் கொடுக்காத ஒரு விம்மலோடு.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. "அவர் வலிக்குதுன்னு சொன்னார். நான் சிரிச்சேன்." அவர் அந்தச் 'சிரிச்சேன்' என்ற சொல்லில் உடைந்துபோனார். "அவருக்கு ஒரு காது போயிடுச்சு. நான் வந்து பார்க்கல." கண்ணீர் தாரையாக வழிந்தது, துடைக்கக்கூட இல்லை. "அவர் பேர் பிச்சையா." அந்தப் பெயரை அவர் சொன்ன விதத்தை எந்தப் பள்ளியிலும் சொல்லிக்கொடுக்க முடியாது. நான் நாலு ராத்திரி தூங்காமல் பார்த்துப் பார்த்து எழுதிய வரிகள் அவருக்கு வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த காட்சியாகப் போய்விட்டன. பந்தலே அழுதது. அஸ்வதி விக்கி விக்கி அழுதாள். மேடை ஓரத்தில் நிறுத்தியிருந்த போனில் சிவப்பு இதயங்களாகப் பறந்துகொண்டிருந்தன. வடிவம்மாளைத் தேடினேன். செவிட்டில் கொடுப்பேன் என்றவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்துப் பெண்ணிடம், "என்ன இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லிட்டானே பாவம்," என்பது எனக்கே கேட்டது. பாவமாம்!

என்னிடம் வரி தீர்ந்துவிட்டது. அவருக்கு இனி நான் தேவையும் இல்லை. "எவிடெ? எவிடெ என்டெ அச்சன்?" என்று கைகளை விரித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். பிச்சையா அவருக்கு அப்பாவும் ஆகிவிட்டார். ஸ்டூலிலேயே கூனிப்போய் உட்கார்ந்திருந்தேன். சேஷன் சொன்ன மாதிரி வம்பை விலைக்கு வாங்கியது மட்டுமில்லை, அதைப் புகழாக்கி அந்த ஆள் கையிலேயே கொடுத்துவிட்டேன். நாளைக்கு ஊர் முழுக்க இதே பேச்சாக இருக்கும், எவ்வளவு பெரிய மனது என்று பத்திரிகையில் எழுதுவார்கள். அவமானத்தில் காது மடல்கள் சுட்டன.

பிச்சையாவை நாலைந்து பேர் தள்ளிக்கொண்டு வந்து மேடையில் ஏற்றினார்கள். வெள்ளைச் சட்டை, புதுத் துண்டு. ஹரீந்திரன் அவர் காலில் விழுந்தார். எழுந்து கட்டிக்கொண்டார். கேமரா பக்கம் முகம் தெரியும்படி திரும்பவும் ஒருமுறை கட்டிக்கொண்டார். கைதட்டல் பந்தலைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பிச்சையா கைகளைத் தொங்கவிட்டபடி, மழை விடட்டும் என்று மரத்தடியில் நிற்பவர் மாதிரி நின்றார். கட்டிக்கொள்வதெல்லாம் முடிந்த பிறகு அஸ்வதி ஒரு மைக்கை அவரிடம் நீட்டினாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், போகட்டும் சார் என்பார். எனக்குக் கேட்கவே பிடிக்கவில்லை.

"எந்தக் காது சார்?" என்றார் பிச்சையா.

ஹரீந்திரன் ஈரக் கண்களோடு புன்னகை செய்தார். "எந்தா அச்சா?"

"ஒரு காது போச்சுன்னு சொன்னீங்கள்லா. எந்தக் காது?"

அவர் குரலில் கோபம் இல்லை. தெரியாததைக் கேட்கிறவர் மாதிரிதான் கேட்டார். கைதட்டல் முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரைக்கும் மெல்ல மெல்ல அடங்கியது. ஹரீந்திரன் பிச்சையாவின் முகத்தைப் பார்த்தார். இரண்டு காதும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருந்தன. பிறகு தன் வலது கையைப் பார்த்தார். இடது கையையும் பார்த்தார். கேமராவுக்காக இரண்டு பக்கமும் அடித்திருக்கிறாரே, கையைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? புன்னகை அப்படியே முகத்தில் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வடிவம்மாள் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள்.

ஹரீந்திரனின் விரல் தானாக மேலே போய்க் காதிலிருந்த பட்டாணியை அழுத்தியது. இருபது வருஷப் பழக்கம். மைக் என் உதட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரே ஒரு சொல் போதும். சரியானதைச் சொன்னால் அவர் அப்படியே குனிந்து அந்தக் காதில் முத்தமிடுவார், பந்தல் இடிந்துவிழும். தப்பானதைச் சொன்னால் தப்பையே அதே உருக்கத்தோடு சொல்லி அதையே முத்தமிடுவார். என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, இரண்டும் வந்தன. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"சேச்சீ..." என்று அவர் உதடு அசையாமல் முணுமுணுத்தார். சட்டையில் குத்தியிருந்த மைக் அதையும் விடாமல் எடுத்துக் கொடுக்க, மரத்தில் கட்டியிருந்த இரண்டு ஒலிபெருக்கிகளும் "சேச்சீ" என்றன. தேயிலைச் சரிவில் பட்டு அது திரும்பவும் ஒருமுறை வந்தது. முதல் வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பேனர் பக்கம் தலையைத் திருப்பினார்கள்.

பிச்சையா மட்டும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவருக்கு அவசரமும் இல்லை. பார்ப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக் காட்டினார், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார், பிறகு மற்றப் பக்கம் திருப்பினார்.